திரையில் எல்லாம் பச்சை

அலைகடல் குளிர்காப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. மீனைச் சேமித்துப் பிழைக்கிற நிறுவனம். ஆனாலும் மீன் வாடை உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஜன்னலே இல்லாமல் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, ஒன்றும் திறக்காது. உள்ளே வேலை பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நெய்மீன் எது, சூரை எது என்று தெரியாது. வறுத்துத் தட்டில் வைத்தால் இரண்டையும் நன்றாகத் தெரியும்.

மாடியில் மையக் கட்டளை அறை. சுவர் முழுக்க ஒரே திரை. திரையில் மாவட்டக் கடற்கரையின் வரைபடம், அதில் கிளைக்கு ஒரு பச்சைப் புள்ளி. தொலைநிர்வாகப் பிரிவின் தலைமை மேலாளர் கிருஷ்ணமணி அந்தத் திரைக்கு எதிரே சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குத்தான் சம்பளம்.

தொலைநிர்வாகம் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைப்பதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். நாகர்கோவிலில் இருந்து ஒரு தட்டுத் தட்டினால் எல்லாக் கிளைகளின் கம்ப்யூட்டர்களும் அதன்படி நடக்கும். நல்ல ஏற்பாடுதான். புத்தியுள்ளவர் தட்டினால் எல்லா இடத்திலும் புத்தியுள்ள காரியம் நடக்கும். இங்கே தட்டியது கிருஷ்ணமணி.

தொடக்க விழாவில் ராகுகாலம் பார்த்து, கீபோர்டுக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் கீபோர்டுக்குள் இறங்கிவிட்டது. ஸ்கிரிப்ட் எழுதுகிற பையன் ஸ்ரீஜித் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணமணி பேசத் தொடங்கினார்.

“இதுவரை ஒவ்வொரு கிளையும் தன் இஷ்டத்துக்குத் தனித்தனியாகத் தவறு செய்துகொண்டிருந்தது. அதில் ஓர் ஒழுங்கே இல்லை. இன்று முதல் எல்லாக் கிளைகளும் ஒரே காரியத்தை, ஒரே நொடியில், நம் கட்டளைப்படி செய்யும். கிளைக்கு நேரில் போய்ப் பார்க்கிற கெட்ட பழக்கத்திலிருந்து நமக்கெல்லாம் விடுதலை.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் ஸ்கிரிப்ட் எல்லாத் திரைகளிலும் நிர்வாக இயக்குநரின் படத்தை வைத்தது. அடுத்தது காகிதச் சிக்கனம் பற்றிய சுற்றறிக்கையை எல்லாக் கிளைகளின் பிரிண்டர்களிலும் காகிதம் தீரும்வரை அச்சடித்துத் தள்ளியது. இனயம் கிளையில் அந்தச் சிக்கனத்தில் மத்தி மீன் பொதிந்து கொடுத்தார்கள். மூன்றாவது ஸ்கிரிப்ட் தினமும் காலையில் திரையில் ஒரு கேள்வி கேட்டது: ‘நீங்கள் உங்கள் பணியை நேசிக்கிறீர்களா?’ பதிலுக்கு இரண்டு கட்டங்கள். ‘ஆம்’, ‘மிகவும் ஆம்’.

தேங்காய்ப்பட்டணம் கிளையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் குளோரி. துறைமுகத்தில் இறங்குகிற மீனைப் பெட்டியில் அடுக்கிக் குளிரறையில் ஏற்றுவதும், குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. கம்ப்யூட்டரில் மைனஸ் பதினெட்டு என்று தெரிந்தால் உள்ளே மீன் கல்லாகக் கிடக்கிறது என்று பொருள். மற்றபடி அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது. சும்மா விட்டால் அது தன் பாட்டுக்கு வேலை செய்யும். முன்பெல்லாம் குளிர் இயந்திரத்துக்கு ஒரு கைப்பிடியும் அறைக் கதவுக்கு ஒரு சாவியும் இருந்தன. தொலைநிர்வாகம் வந்ததும் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இயந்திரமானாலும் கதவானாலும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். நிறுவனத்தின் எல்லாக் கட்டடங்களிலும் இதே ஏற்பாடுதான்.

பிறகு சோம்பல் ஒழிப்பு ஸ்கிரிப்ட் வந்தது. பத்து நிமிடம் யாரும் தொடாத கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். தொடாவிட்டால் ஊழியர் தூங்குகிறார் என்று அர்த்தமாம்.

குளோரி இறங்குதுறையில் பெட்டி எண்ணிவிட்டுத் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் இருட்டாகக் கிடந்தது. குளிர் இயந்திரத்தின் இரைச்சல் இல்லை. பதறிப்போய் உதவி மையத்துக்கு போன் செய்தாள். ‘இந்த உரையாடல் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் வீணை. அப்புறம் ஒரு பெண்.

“மேடம், புகாரை உங்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பதிய வேண்டும்.”

“கம்ப்யூட்டரு அணஞ்சு கெடக்கு மக்கா. அதுக்காக்கும் விளிச்சேன்.”

“புகார் பதியாதவரை உங்கள் கிளை எங்கள் திரையில் பச்சையாக இருக்கும் மேடம். இப்போதும் பச்சைதான். வெப்பநிலை மைனஸ் பதினெட்டு.”

“அது கடைசியா காட்டுன நம்பரு பிள்ளே. இஞ்ச மெஷினு நின்னு போச்சு. மீனு இளகப் போவுது.”

“பச்சை மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

குளோரி போனை வைத்துவிட்டு கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினாள். உயிர் வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடியும் போனது. அன்றிலிருந்து அவளுடைய வேலை மவுசை ஆட்டுவதாகிவிட்டது. பெட்டி எண்ணுகிறவள் பாதியில் ஓடிவந்து ஆட்டுவாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் ஒரு கையால் தின்றுகொண்டு மறு கையால் ஆட்டுவாள். இரவு முறைக்கு வருகிற காவலாளியின் காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லி, அவனையும் ஆட்ட வைத்தாள். ஒரு மனுஷியின் நாளை இப்படி வீணடிப்பதற்கு ஒருவன் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறான் என்பதை நினைக்கும்போதே எனக்குக் குமட்டுகிறது.

இந்த நேரத்தில்தான் அவள் கணவன் சிலுவைதாசன் போன படகு கரைக்கு வந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக ஆழ்கடலில் கிடந்து பிடித்த மீன். நெய்மீன், சூரை, கணவாய் என்று படகு நிறைய. ஆனால் அன்றைக்கு நிறையப் படகுகள் ஒன்றாக வந்துவிட்டதால் ஏலத்தில் அடிமாட்டு விலை கேட்டார்கள். கூட்டாளிகள் கைபிசைந்து நின்றபோது குளோரிதான் சொன்னாள்.

“குடுக்காதிய. ஒரு வாரம் எங்க குளிரறையில வைங்க, வெல வந்த பொறவு விப்பம். நான் பாத்துக்கிடுதேன்.”

“கெட்டுப் போவாதில்லியா?” என்று கூட்டாளி ஜான்ரோஸ் கேட்டான்.

“எனக்க கைக்குள்ள இருக்கிய மீனு எப்பிடிக் கெடும்?”

அவள் வார்த்தையை நம்பி அத்தனை மீனையும் ஏற்றினார்கள். படகில் எட்டு வீட்டுச் சோறு இருந்தது. அந்தச் சோறு முழுவதும் இப்போது குளோரியின் வாக்கில் இருந்தது.

ஜான்ரோஸ் ஆற்று முகத்தில் பிடித்த பெரிய நண்டு ஒன்றை, இன்றைக்குக் கறி வைக்கட்டும் என்று, கயிற்றில் கட்டிக் கம்ப்யூட்டர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பெட்டி ஏற்றுகிற மும்முரத்தில் குளோரி மவுசை மறந்துவிட்டாள். நினைவு வந்து ஓடிவந்தால், கம்ப்யூட்டர் அணையவில்லை. நண்டு மவுசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசை முழுக்க இழுத்தடித்துக்கொண்டிருந்தது. இரை என்று நினைத்ததோ இணை என்று நினைத்ததோ, விடுவதாக இல்லை.

குளோரி கும்பிடாத குறை. நண்டை ஒரு மீன் தட்டத்தில் வைத்து, மவுசை அதன் காலோடு சேர்த்துக் கட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடினாள். தின்ன மீன் கழிவு கொடுத்தாள். நண்டு நிற்கவேயில்லை.

“ஏட்டி, எனக்க கறிய நீ வேலைக்கு வச்சிட்டியா?” என்றான் சிலுவைதாசன்.

“வேல செய்யியவன எதுக்கு திங்கணும்?”

மையக் கட்டளை அறையில் தேங்காய்ப்பட்டணத்துப் புள்ளி மற்றவற்றைவிடப் பெரிதாகப் பளபளத்தது. இரவு பகல் பாராமல் ஓயாத கை. கிருஷ்ணமணி மெய்சிலிர்த்துப் போனார். அந்த வாரம் ஊழியர்கள் அனைவருக்கும் திரையில் ஓர் அர்ப்பணிப்புத் தேர்வு வந்தது. நண்டு அங்குமிங்கும் இழுத்ததில் அதன் விடைகளும் எப்படியோ விழுந்து, தேங்காய்ப்பட்டணம் முதல் வகுப்பில் தேறியது. தலைமை அலுவலகத்தில் துணை மேலாளர் ஒருவர் இரண்டு தடவை எழுதியும் தேறவில்லை. குளோரிக்கு ‘ஓயாக் கரம்’ விருது என்று அறிவித்தார்கள்.

விருது கொடுக்க கிருஷ்ணமணி நேரிலேயே வந்தார். கெட்ட பழக்கம்தான், ஆனால் போட்டோகிராபர் கூட வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே மூக்கில் செண்டு போட்ட கைக்குட்டை. பின்னால் ஸ்ரீஜித் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இறங்குதுறையில் கூடியிருந்தவர்களைப் பார்த்து கைக்குட்டை வழியாகவே கிருஷ்ணமணி பேசினார்.

“மீன் நாற்றம் நம் நிறுவனத்தின் மதிப்புக்கு ஏற்றதல்ல. விரைவில் நாற்றத்தையும் தொலைவிலிருந்தே நிர்வகிப்போம். இந்த அம்மாளைப் பாருங்கள். இரவில்கூட இவர் கை ஓய்ந்ததில்லை. உழைப்பு என்றால் என்ன என்று எங்கள் திரை எங்களுக்குக் காட்டியது. நேரில் வந்திருந்தால் இது தெரிந்திருக்காது.” பொன்னாடையைப் போர்த்திவிட்டுக் கேட்டார்: “எப்போதுதான் தூங்குவீர்கள் அம்மா?”

குளோரிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. “நான் வீட்டுல போய் நல்லா தூங்குவேன் சார். நான் இல்லாதப்ப இவனாக்கும் பாக்கியது.” சாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

நண்டு கொடுக்கை உயர்த்தியது. போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

“அங்கீகாரம் பெறாத ஓர் உயிரினம்,” என்றார் கிருஷ்ணமணி, குரல் நடுங்க, “நம் வலையமைப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது.”

ஸ்ரீஜித் பைய முன்னால் வந்தான். “சார், இது தொடாம இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் சார். ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேத்தா போதும், இதுக்கு விலக்கு குடுத்திரலாம். நம்ம ஹெட் ஆபீஸுக்கு அந்த வரி இருக்குல்லா.”

“தலைமை அலுவலகத்தில் சிந்திப்பவர்கள் இருக்கிறார்கள் ஸ்ரீஜித். சிந்திப்பவன் அசைய மாட்டான். கிளையில் இருப்பவன் அசையாவிட்டால் அவன் தூங்குகிறான். இந்த வித்தியாசம் தெரியாமலா நீ ஸ்கிரிப்ட் எழுதுகிறாய்?”

குளோரி அங்கேயே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாள். பொன்னாடையை உருவி மடித்து காரில் வைத்தார்கள். நண்டு சாட்சிப் பொருளாகக் கைப்பற்றப்பட்டது. விசாரணை முடியும்வரை யாரும் நுழையக் கூடாது என்று கம்ப்யூட்டர் இருந்த அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

குளோரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “என்னைய வேலைய விட்டு அனுப்புங்க சார், போறேன். உள்ள மீனு கெடக்கு. எனக்க வீட்டுக்காரரும் கூட்டாளியளும் ஒரு மாசத்துக்கு மேல கடல்ல கெடந்து பிடிச்ச மீனு. பத்து நிமிசத்துல மெஷினு நின்னு போவும் சார். மீன வெளிய எடுக்க மட்டும் விடுங்க.”

கிருஷ்ணமணி செல்போனைத் திருப்பிக் காட்டினார். “பச்சை. மைனஸ் பதினெட்டு. எதற்கு அம்மா அழுகிறீர்கள்?”

கார் போய்விட்டது. சாட்சிப் பொருள் அன்று மாலையே நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்தில் மிளகு போட்டு வறுக்கப்பட்டது. கொடுக்கை உடைத்து உறிஞ்சியவர் கிருஷ்ணமணி. ‘பொருள் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது’ என்று பதிவாயிற்று. எட்டு வீடு பிழைக்க வழி செய்துகொடுத்த ஜீவனைத் தின்றுவிட்டுப் பல்குத்துகிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னபடியே இயந்திரம் நின்றது. கதவோ கம்ப்யூட்டரின் பேச்சைத்தான் கேட்கும், கம்ப்யூட்டர் முத்திரை வைத்த அறைக்குள் அணைந்து கிடந்தது. சிலுவைதாசனும் கூட்டாளிகளும் உதவி மையத்தைக் கூப்பிட்டார்கள். பச்சை என்றார்கள். நாகர்கோவிலுக்குப் போனார்கள். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. கதவை உடைக்கப் போனபோது போலீஸ் வந்து மறித்தது. கடைசியில் வாடை ஊருக்குள் வரத் தொடங்கியதும் போலீஸே கடப்பாரை எடுத்துத் தந்தது.

கதவு விட்டுக்கொடுத்தபோது அங்கே நின்றவர்கள் எல்லாரும் மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்தவர்கள். அவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். பெட்டிகளிலிருந்து கறுத்த நீர் வழிந்து வாசலுக்கு வந்தது. நெய்மீன் கைபட்ட இடத்தில் கூழாகக் கழன்றது. கணவாய் எது, சூரை எது என்று பிரிக்க முடியவில்லை. ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, ஒரு மாதத்து உழைப்பை மணலில் தள்ளி மூடினார்கள்.

சிலுவைதாசன் குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை. “நீ பாத்துக்கிடுதேன்னு சொன்னியேட்டி,” என்றான்.

கூட்டாளிகளின் வீட்டுப் பெண்கள் குளோரியைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். நஷ்டஈடு கேட்டதற்கு நிறுவனம் சொன்ன பதில் இதுதான்: எங்கள் பதிவின்படி மீன் நல்ல நிலையில் இருக்கிறது, ஆகவே நஷ்டம் இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று குளோரி குழிக்குப் போகாத ஒரு வாளி மீனை மூடிபோட்டு எடுத்துக்கொண்டாள். எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். ஜான்ரோஸ் தன் லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். வாசல் காவலாளியிடம் சாட்சிப் பொருள் என்றாள். சாட்சிப் பொருள் என்றால் அந்தக் கட்டடத்தில் மரியாதை உண்டு. உள்ளே விட்டுவிட்டான்.

விசாரணை மையக் கட்டளை அறையில் நடந்தது. கிருஷ்ணமணி நடுவில், இருபுறமும் குழு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். குறிப்பெடுக்க ஸ்ரீஜித். கதவு மூடியது. குற்றப்பத்திரிகை நீளமாக இருந்தது. நண்டைப் பரிசோதிக்க ஆன மிளகுச் செலவுகூட அதில் இருந்தது. கடைசியில் கிருஷ்ணமணி சொன்னார்:

“நிறுவனத்தின் மீது அவதூறு பரப்பியிருக்கிறீர்கள். மீன் அழுகியதாகச் சொல்கிறீர்கள். இதோ திரை. மைனஸ் பதினெட்டு. மீன் நன்றாக இருக்கிறது. எங்கள் திரை பொய் சொல்லாது.”

“நல்ல மீனுன்னா தின்னுங்க சார்,” என்றாள் குளோரி. மூடியைத் திறந்து வாளியை மேசைமேல் வைத்தாள். “நண்ட தின்னியல்லா, இதயும் தின்னுங்க.”

ஜன்னல் இல்லாத அறை. ஏசி அந்த வாடையை எடுத்து ஒவ்வொருவருக்கும் சமமாகப் பங்குவைத்தது. உறுப்பினர் ஒருவர் டையை மூக்கில் திணித்தார். இன்னொருவர் குப்பைக் கூடையைத் தேடிக் குனிந்தவர் நிமிரவில்லை. ஸ்ரீஜித் வாளிக்குள் வெகுநேரம் பார்த்தான். உள்ளே ஏதோ நெளிந்தது. அவன் முகம் சுருங்கியது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஸ்கிரிப்டைத் திறந்து, தலைமை அலுவலகத்துக்கு விலக்கு கொடுத்த அந்த ஒரு வரியை அழித்தான். பிறகு அவனும் கையை மூக்குக்குக் கொண்டுபோனான்.

எழுந்து போகலாம்தான். ஆனால் எழுந்தால் மீன் அழுகியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கிருஷ்ணமணி எழவில்லை. அவர் எழாததால் மற்றவர்களும் எழவில்லை. கண்ணில் நீர் வழியத் திரையையே பார்த்தபடி, “பச்சை” என்றார். “பச்சை” என்று உறுப்பினர்களும் முனகினார்கள். எல்லாருடைய கையும் மூக்கில் இருந்தது. ஒரு மவுசும் அசையவில்லை.

பத்து நிமிடம் ஆயிற்று. முதலில் ஓரத்து கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு வரிசையாக மற்றவை. பெரிய திரையும் புள்ளிகளோடு கறுத்தது. ஏசி மூச்சை நிறுத்தியது. ஓர் உறுப்பினர் எல்லா மரியாதையையும் மறந்து கதவுக்கு ஓடி இழுத்தார். கதவு அசையவில்லை. அதுவும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். பொத்தானை அமுக்கலாம் என்றால், இதுவரை அணையாத கம்ப்யூட்டருக்குப் பொத்தான் எங்கே என்று அதிகாரிகள் யாருக்கும் தெரியாது; தெரிந்த ஸ்ரீஜித் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அமுக்கத் தெரிந்த குளோரியும் தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணமணி ஒரு கையால் செல்போனைத் தட்டி உதவி மையத்தைக் கூப்பிட்டார். காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார். ‘இந்த உரையாடல் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது.’ வீணை வாசித்து முடிந்தது.

“கட்டளை அறை பூட்டிக்கொண்டது! கதவைத் திற!”

“சார், புகாரை உங்கள் கம்ப்யூட்டர் வழியாகப் பதியுங்கள். எங்கள் திரையில் தலைமை அலுவலகம் பச்சையாகத்தான் இருக்கிறது.”

“பச்சையா? இங்கே மூச்சு முட்டுகிறது! நான் கிருஷ்ணமணி பேசுகிறேன்!”

“பச்சை சார். எதனால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.”

“மீன்!” அவருக்கு ஓங்கரித்தது. “தேங்காய்ப்பட்டணத்து மீன், அழுகிவிட்டது! மொத்தமும் அழுகிவிட்டது! மெஷினை நிறுத்தியது நாங்கள்தான், போதுமா? நாங்கள்தான் அழுக விட்டோம்! திற!”

“நன்றி சார். பதிவாகிவிட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

குளோரி எழுந்து வாளியை மூடினாள்.